சில்லு மாஸ்டர் தூக்கிய கதிரை

ஒரு நாடு உலகத்துக்குக் கொடுத்த வாக்கைச் சக்கர நாற்காலியில் ஏறி உருட்டிப் பார்த்தவர், எனக்குத் தெரிந்து, சில்லு மாஸ்டர் ஒருவர்தான்.

அரசாங்கம் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனித உரிமை வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்த்து அறிக்கை எழுதுவது, திருகோணமலையில் எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லா அலுவலகங்களிலும் சாய்வுப் பாதை: நிறைவேற்றப்பட்டது’ என்றது அரசின் அறிக்கை. நாங்களென்றால் தொலைபேசியில் கேட்டு முடித்திருப்போம். எங்களோடு வேலை பார்த்த, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான மாஸ்டரோ, நல்ல கால்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி ஏறிவிட்டார். சக்கரத்தைச் சில்லு என்பது எங்கள் வழக்கம்; அவருடைய பட்டம் அப்படி வந்ததுதான். தள்ளுகிற உத்தியோகம் எனக்கு.

முதல் அலுவலகத்தில் பாதை நிறைய மோட்டார் சைக்கிள்கள். இரண்டாவதில் அது கூரை மாதிரிச் சரிவு. பாதி ஏறியதும் என் கை வழுக்கியது. மாஸ்டர் பின்பக்கமாகவே தெருவுக்குப் போய், மீன்காரரின் சைக்கிளில் மோதி, சூடை மீன்களுக்கு நடுவே கிடந்தார். பதறி ஓடினேன்.

“எழுதுங்கோ தங்கச்சி, சரிவு கூடிப்போச்சு,” என்றார் படுத்தபடியே.

மூன்றாவதில் பாதை வழவழவென்று அழகாக இருந்தது. ஆனால் அலுவலெல்லாம் மேல்மாடியில். படிக்குக் கீழே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார், கால்கள் இயங்காத ரஹீமா. தோப்பூரிலிருந்து ஓட்டோவில் வந்தவர். அவர் கேட்பதே ஒரு சக்கர நாற்காலிதான். அதிகாரி ஆளை நேரில் பார்த்துத்தான் ஒப்பமிடுவாராம். இது மூன்றாவது தடவை. விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

“ஆராவது என்னை மேலே தூக்கிக்கொண்டு போகட்டாம் ஐயா. நான் என்ன நெல்லு மூட்டையா?” என்றார்.

மாஸ்டர் எழுந்து விறுவிறுவென்று படியேறினார். அவர் நடந்ததைக் கண்ட காவலாளி, காலியான சக்கர நாற்காலியையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆள் இங்க வரவேணும். என்ர மேசையிலதான் ஒப்பம் வைக்கிறனான்,” என்றார் அதிகாரி.

“வர ஏலாதெண்டபடியால்தானே அந்தப் பிள்ளை நாற்காலி கேக்குது?”

அதிகாரி கோப்பெடுக்க எழுந்தார். அவ்வளவுதான். மாஸ்டர் அவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். கத்திக்கொண்டே பின்னால் வந்த அதிகாரி, ரஹீமாவைக் கண்டதும் அடங்கிப்போனார். கீழே அதே கதிரையில் அமர்ந்து ஒப்பமிட்டார்.

“முதலே சொல்லியிருந்தா நானே இறங்கி வந்திருப்பனே,” என்று முணுமுணுத்தார்.

“மூணு தரம் சொல்லி அனுப்பினேன்,” என்றார் ரஹீமா.

மாலையில் எங்கள் பொறுப்பாளர் கேட்டார்: “அவவின்ர அலுவல் முடிஞ்சுதுதானே மாஸ்டர். ‘ஓரளவு நிறைவேறியது’ எண்டு போடுவமா?”

மாஸ்டர் இடுப்பைத் தடவினார். “போடலாம். ஆனா வாற ஆக்கள் எல்லாருக்கும் கதிரை தூக்க என்னால ஏலாது, சேர்.”

‘நிறைவேற்றப்படவில்லை’ என்று நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு ‘இல்லை’யை இத்தனை பாசத்தோடு நான் அதற்கு முன் எழுதியதில்லை.