மேல்காட்டுக்குத் தண்ணீர் நிறுத்திய மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் அறிவைக் காட்டாத மருமகனுக்கு ஆயுசு கெட்டி. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது.

எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை; பூர்வீகம் தூத்துக்குடி. (சோளம் என்றால் தியேட்டரில் பொரித்துத் தருவது.) மாமனாருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளக் காடு. அந்த வருஷம் மழை கைவிட்டது. போர்வெல்லிலும் கொஞ்சம்தான் தண்ணீர். அந்த நேரம் பார்த்து மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இருவரும் ஒரு மாதம் பெங்களூரில் மச்சான் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. "ஷிப்ட் முடிஞ்சு வந்து நான் பாத்துக்கிறேன் மாமா" என்று மார்தட்டினேன்.

"மேல்காடு பூ எடுக்குது மாப்ளே. இந்த வருசத்துச் சோறே அதுதான். எது காஞ்சாலும் அதுக்குத் தண்ணி நிக்கக்கூடாதுங்க. கீழ்க்காடு கையகலம்தான், அதுவும் சின்னப் பயிரு, தாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

போய்ப் பார்த்தேன். மேல்காட்டுப் பயிர் என்னைவிட உயரம். உச்சியில் ஆண் பூ. கீழ்க்காட்டிலோ முழங்கால் உயரப் பயிர் இலை சுருண்டு பரிதாபமாக நின்றது. என் தொழிற்சாலை மூளை விழித்துக்கொண்டது. மேலே நிற்பது முடிந்த சரக்கு, பேக்கிங்தான் பாக்கி. மொத்தத் தண்ணீரையும் கீழே திருப்பினேன். மாமா போனில் கேட்டபோதெல்லாம் "ஜோரா இருக்கு" என்றேன்.

மேல்காட்டில் ஆண் பூவிலிருந்து மஞ்சள் தூள் கொட்டித் தீர்ந்தது. அதைப் பிடிக்க வேண்டிய கதிரின் பட்டு நூல், தண்ணீர் இல்லாமல் உள்ளேயே கிடந்துவிட்டுத் தூளெல்லாம் போன பிறகு எட்டிப் பார்த்தது. (பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு வருகிறவன் மாதிரி.) தூள் பட்ட நூலுக்குத்தான் மணி பிடிக்கும் என்று எனக்கு யார் சொன்னது?

கதிர் வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தது. அந்தத் தைரியத்தில், மாமனார் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமையே ஷிப்ட் நண்பர்களைச் சுட்ட சோளம் தின்னக் கூட்டிப் போனேன். மாமனார் முதல் கதிரை உரித்தார். இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி, நடுவில் வெறும் சக்கை. அடுத்ததும் அப்படியே.

"மேல்காட்டுக்குத் தண்ணி வுட்டீங்களா மாப்ளே?"

"சின்னது பாவமா இருந்துச்சு மாமா..."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த மாமியார்தான் வாய் திறந்தார்: "கண்ணு ஆபரேசன் எனக்கில்லீங்க, உங்களுக்குப் பண்ணியிருக்கணும்."

மேல்காடு முழுக்க மாட்டுத் தீவனமானது. அந்த வருஷம் சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் குடும்பம் ஓடியது. (இன்றுவரை என்னை மதிப்பவை அந்த மாடுகள்தான்.)

போன வாரம் என் மகளுக்கு முன்பற்கள் விழுந்தன. வீடியோ காலில் அவள் ஈயென்று சிரித்ததும், மாமனார் மாமியாரைக் கூவி அழைத்தார்.

"இங்க வந்து பாரு, மாப்ள தண்ணி பாச்சின கதிரு!"