டக்டக் அண்ணையின் என்டர்

பிரெஞ்சு அரசாங்கத்துக்குக் காது மந்தம் என்று முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் டக்டக் அண்ணைதான். லா சப்பல் தெருவில் ஒரு போன் திருத்தும் கடை. அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் உடைந்த திரைகளை மாற்றுவார், நான் அவரைப் பகிடி பண்ணுவேன்.

மன்னாரில் இருக்கும் மனைவியை இங்கே கூப்பிட அண்ணைக்குப் பிறிபெக்சர் என்ற அரசாங்கக் கந்தோரில் ஒரு ரொந்தேவு, அதாவது போய்ப் பார்க்க ஒரு நாள், வேண்டும். அதை இணையத்தில்தான் எடுக்கலாம். எப்போது பார்த்தாலும் 'இடமில்லை' என்று வரும். பழி கடைக் கீபோர்டின் மேல் விழுந்தது.

"இது ஊமை, தம்பி. அமத்துறது எனக்கே கேக்கேல்லை, அவங்களுக்கு எங்கை கேக்கப்போகுது?"

"அப்ப போய்க் கதவைத் தட்டுங்கோவன் அண்ணை."

"அதைத்தான் செய்யப்போறன்."

அடுத்த கிழமை, தானே ஒரு கீபோர்ட் செய்ய அவர் எடுப்பித்த பார்சல் வந்தது. ஒரு அலுமினியச் சட்டம், அமத்தினால் டக்கென்று கேட்கும் நீலச் சுவிட்சுகள் ஒரு பை. ஒவ்வொன்றையும் காதோடு வைத்து அமத்தி, சத்தம் குறைந்ததையெல்லாம் தள்ளிவைத்தார். அவர் பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு குறை பிடித்திருக்கமாட்டார்.

கீபோர்ட் பேசத் தொடங்கிய முதல் நாளே ஒரு அக்கா துணியோடு உள்ளே வந்தார். "தையல் மிசின் சத்தம் கேட்டுது. பிளவுஸ் எப்ப தருவியள்?" பக்கத்து நகைக்கடைக்காரர் யாரோ பூட்டு உடைப்பதாக நினைத்து ஓடிவந்தார். முதலாளி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

மனைவி மட்டும் குறை சொல்லவில்லை. மத்தியானங்களில் போனில், ஸ்பீக்கரில் இருப்பார்.

"என்னப்பா, அங்கை மழையோ?"

"இல்லை, உமக்காகத்தான் தட்டுறன்."

அதற்குப் பிறகு சத்தம் நின்றால் போதும், "இண்டைக்கும் இல்லையோ?" என்பார். அண்ணை மறுபடி தட்டுவார்.

அவருக்கு என்டரில்தான் திருப்தியில்லை. "கடைசித் தட்டு, தம்பி. அதுதான் பலமா விழவேணும்." ஒரு நாள் அதைக் கழற்றி, இன்னும் உரத்த சுவிட்ச் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதா அது வரவேண்டும்? திரையில் ஒரு தேதி பச்சையாக நின்றது.

"அண்ணை, இடம் வந்திட்டுது. மௌசால அமத்துங்கோ."

மௌஸ் எங்கே? அதுவும் ஊமை என்று எப்போதோ மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். நான் லாச்சியைக் கிண்ட, அவர் கீபோர்டைக் கணினியில் கொழுவி என்டரை அமத்தினார். டக். கடை முழுக்கக் கேட்டது. ஈயம்தான் பிடிக்கவில்லை, தட்டு திரைக்குப் போய்ச் சேரவில்லை. நான் மௌஸோடு நிமிர்ந்தபோது திரையில் 'இடமில்லை'.

பிறகு அவர் தட்டவே இல்லை. "செத்த வீடு மாதிரிக் கிடக்கு," என்று முதலாளியே பஞ்சை எடுத்தார்.

மத்தியானம் போன் வந்தது. அண்ணையின் கைகள் மடியில் கிடந்தன.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை. விட்டிட்டியளோ?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்துப் பத்து விரலாலும் தட்டினேன்.

"ஆ, தட்டுறியள்," என்றார் மனைவி.

"ஓம்," என்றார் அண்ணை.

என்டரை மட்டும் அவருக்கு விட்டுவைத்தேன்.