ஆயுதக் களைவுக்குக் கவ்வாத்துக் கத்தி

கூச்ச சுபாவம் உள்ளவன் சந்தேகம் கேட்க மாட்டான். புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு, பிறகு ஊரே பார்க்க அவமானப்படுவான். நான் அந்த வகை. காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டால் இருமித்தான் பதில் சொல்வேன். (இருக்கிறேன் என்று தெரிவிக்க ஒரு இருமல் போதாதா?)

பத்தாம் தரம் படிக்கும் என் மகள் தர்ஷினி ஒருநாள் சொன்னாள்: "அப்பா, சனிக்கெழம ஸ்கூல்ல அணு ஆயுதக் களைவு. நான் பேசுறேன். நீங்க வந்து முன்னுக்கு ஒக்காரணும். ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

அவளுக்கும் என்னைப் போலவே நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் மேடையேறி "வணக்கம்" மட்டும் சொல்லிவிட்டு அழுதுகொண்டே இறங்கியவள். இந்த முறையும் அப்படி ஆனால் இனி மேடைப் பக்கமே போக மாட்டேன் என்றிருந்தாள்.

நான் தலையாட்டினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆயுத பூஜைக்கு நாங்கள் பொட்டு வைப்பது வேலைச் சாமான்களுக்குத்தான். அதனால் ஆயுதம் என்றால் எனக்கு அவைதான். களை என்றால் களை. அவள் பாடசாலையில் அனு டீச்சர் என்று ஒருவரும் இருக்கிறார். ஆக, அனு டீச்சர் ஊரைக் கூட்டிக் களை பிடுங்க வைக்கும் சிரமதானம்! மழைக்குப் பிறகு மைதானத்தில் மாடு மறையும் அளவுக்குப் புல் நின்றதும் உண்மை. (சிரமதானத்தில் பேச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். பேச்சில்லாத சிரமதானத்தை நான் பார்த்ததே இல்லை.)

சனிக்கிழமை, புல்லுக்குச் சொரண்டியும், வேலிக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் எடுத்துக்கொண்டு கொட்டகலை பஸ்ஸில் ஏறினேன்.

"அண்ணே, யார வெட்டப் போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஸ்கூலுக்குங்க."

அதற்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பஸ் சுணங்கிப் போனதால், நான் மண்டபத்து வாசலுக்குப் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. மேடைக்கு மேலே 'ஆயுதமற்ற உலகம்' என்று பெரிய எழுத்து. அதன் கீழே மைக்கோடு என் மகள்.

"ஒரே குண்டில் ஒரு நகரமே அழியும். ஆனாலும் ஒவ்வொரு நாடும், மற்ற நாடு முதலில் கீழே வைக்கட்டும் என்று ஆயுதத்தோடு நிற்கிறது..."

சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆயுதத்தோடு நான் நின்றேன்.

தகரக் கூரையில் மழை கொட்டியதுபோல் ஒரு சிரிப்பு. பாடசாலை அதிபர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் பார்த்ததோ அவள் உதட்டை மட்டும்தான். போன வருடம் அழுவதற்கு முன் துடித்த அதே உதடு. பிள்ளையின் பேச்சை நானே வெட்டிவிட்டேனே!

"அப்பா," என்றாள் மைக்கில். "அதக் கீழ வைங்க."

வைத்தேன். சீமெந்துத் தரையில் கத்தி 'ணங்' என்றது. சிரிப்பு நின்றது.

"இவரு எங்க அப்பா. கீழ வைங்கன்னேன், வச்சிட்டாரு. இவ்வளவுதாங்க."

கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டாள். கடைசிவரை அதைப் பார்க்காமலே பேசினாள்.

கூட்டம் முடிந்ததும் அதிபர் என்னிடம் வந்தார். "வந்தது வந்துட்டீங்க, அந்த வேலியையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்களேன்." (அனு டீச்சர் கணித டீச்சராம். அன்றைக்கு அவர் வரவே இல்லை.)

இப்போதும் வீட்டில் எனக்கும் மனைவிக்கும் குரல் உயர்ந்தால், "யாரு மொதல்ல கீழ வைக்கிறது?" என்று தர்ஷினி மைக் பிடிப்பதுபோல் நிற்பாள். நான்தான் வைப்பேன். பெரிய நாடுகள் இன்னும் வைக்கவில்லையாம். அங்குள்ள தலைவர்களிடம் அவர்களுடைய மகள்கள் யாரும் மைக்கில் கேட்கவில்லை போலிருக்கிறது.