விளக்கடி வேந்தனும் பழுப்பு ஈயும்

அழியாப் புகழின் இன்றைய விலை ஓர் ஊசி, ஒரு தாள்துண்டு, அரை அந்துருண்டை. பேரம் கிடையாது; விற்கிற பூச்சிக்கு வாய் கிடையாது.

அவ்விலைக்குப் பதினோராயிரம் சிறகுயிர்களைக் கொள்முதல் செய்த கொற்றவனே, வலைக்கரத்தோனே, அருங்காட்சியகப் பூச்சிப் பிரிவின் காப்பாளப் பெருந்தகையே, வாழி நீ. நாற்பத்திரண்டு வட்டங்கள் கொண்ட மாநிலத்தின் பூச்சியினம் முழுவதும் தன் இழுப்பறைகளில் அடக்கம் என்று முப்பது ஆண்டுகள் முரசறைந்த அம்மாவீரன் முன், ஒரு முற்பகலில், மதிப்பீட்டு அதிகாரி எழுந்தருளினார். அந்த அம்மையாரின் ஒரு கையில் வரைபடம். மறுகையில் ஒரு டப்பா குண்டூசி.

இழுப்பறைகள் திறந்தன. பூச்சிக்குப் பூச்சி, சீட்டுக்குச் சீட்டு, ஒரே இடப்பெயர்: மலையடி விருந்தினர் விடுதி, வராந்தா விளக்கடி. காடு அழைத்தது, விடுதிக் கட்டில் விடவில்லை. சதுப்பு அழைத்தது, சமையற்காரரின் கைமணம் விடவில்லை. ஆகவே வேந்தன் சாய்வு நாற்காலியில் வீற்றிருக்க, வெளிச்சத்துக்கு வந்து விழுந்தவையே மாநிலத்தின் பிரதிநிதிகள் ஆயின. அவற்றுள்ளும் அழகில்லாதவை வாசலோடு விடைபெற்றன.

"ஒரே எடத்துல குத்திக் குத்தி மேப்புல ஓட்டையே விழுந்துடுச்சு சார்" என்றார் அதிகாரி. "வேற வட்டத்துலேர்ந்து ஒரே ஒரு பூச்சி காட்டுங்க, இந்த ரூம் உங்களுக்கு. இல்லைன்னா ஒடைஞ்ச நாற்காலி போட பக்கத்து ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வேந்தன் வியர்த்தான். அவ்வியர்வையைப் பருக, பகைவர் பாசறையில் தனித்துப் புகும் தூதுவன்போல், ஒரு பழுப்பு ஈ அவன் மூக்கில் வந்தமர்ந்தது.

தரை பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "அண்ணே, தினம் உங்க டீயில விழுறது இதுதானே. இது நம்ம ஊரு ஈ. நம்ம ஊரு வேற வட்டம்தானே?"

"செல்லும்" என்றார் அதிகாரி. "புடிங்க."

மூண்டது பெரும்போர். வலையெடுத்து, மேசையேறி, மின்விசிறியை வலம்வந்து, அலமாரிக் கொடுமுடியில் முழங்கை சிராய்த்து, கோப்புமலை சரிந்து புழுதிப்படலம் ஞாயிற்றை மறைக்க, தானே தன் தலையில் நான்குமுறை அறைந்து, புறமுதுகிட்டதுபோல் நடித்து, ஆறிய தேநீரைத் தூண்டிலாக்கிக் குவளையோடு குப்புறக் கவிழ்ந்து, ஈற்றில் அவ்வீயை உயிர்கவர் குப்பிக்குள் சிறைசெய்தான் செம்மல். பதினோராயிரத்துள் அவன் எழுந்து நின்று பிடித்தது அது ஒன்றே.

வெற்றிக்களிப்பில் ஊசி ஏற்றினான். பேனா திறந்தான். முப்பது ஆண்டுகள் பழகிய கை, தலைவனைக் கேளாமலே, முத்துமுத்தாய் எழுதி முடித்தது: மலையடி விருந்தினர் விடுதி, வராந்தா விளக்கடி.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"அடிச்சிட்டு மாத்தி எழுதிடறேன் மேடம். உங்க கண்ணு முன்னாடிதானே புடிச்சேன்."

"எழுதின சீட்டைத் திருத்தினா, மத்த பதினோராயிரத்தையும் எதை நம்பி எடுத்துக்கிறது சார்?"

அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார்: வட்டம் நாற்பத்திரண்டு, வந்தது ஒன்று, பாக்கி நாற்பத்தொன்று, நாற்காலிகளை நாளைக்கே கொண்டு வரலாம்.