நீலக்கா போன கலியாணங்கள்

எங்கள் ஊர்ப் பரவைக்கடலைக் காப்பாற்றியது சபையும் அல்ல, சங்கமும் அல்ல, வெளிநாட்டுக் காசும் அல்ல. நீலக்கா. அதுவும் காஞ்சிபுரம் சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்து, அழைப்பில்லாத கலியாணங்களுக்குப் போய், பந்தியில் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுக் காப்பாற்றினார். உலகத்தில் வேறெந்தக் கடலுக்காவது இப்படியொரு ஆள் வாய்த்திருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள், நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் வேறு. அது இப்போது ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர், கடற்கரை ஒழுங்கையில் கடைசி வீட்டுக்காரர். பரவைக்கடல் ஆழமில்லாதது, அலையும் இல்லாதது. தினமும் காலையில் சட்டையோடு அதற்குள் நடந்து போவார். இடுப்பளவு வந்ததும், கதிரையில் உட்கார்ந்திருப்பது போல அப்படியே இருந்துவிடுவார். வெளியே தலை மட்டும்தான் தெரியும். வீதியால் போகிற எங்களை அந்தத் தலை விசாரிக்கும், அதட்டும், மரக்கறி விலை கேட்கும். புதிதாக வந்த பாண்காரன் ஒருவன் கடலுக்குள்ளிருந்து ஒரு தலை தன்னைக் கூப்பிட்டதைக் கண்டு, பாண் பெட்டியோடு வேலிக்குள் பாய்ந்தது ஊரறிந்த கதை.

இப்படி நிம்மதியாக இருந்த தலைக்கு வில்லங்கம் கலியாண மண்டப வடிவில் வந்தது. கரையிலேயே கட்டினார்கள். ஏசி, மாபிள், வாசலில் இரண்டு சிமெந்து யானை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கலியாணம் நடந்த மறுநாள்களில் கடல் நாறத் தொடங்கியது. ஒருநாள் நீலக்கா தண்ணீரில் இருக்கும்போது அவருக்குப் பக்கத்தால் என்ன மிதந்து போனது என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே இதை வாசிக்கவும் கூடும்.

நீலக்காவுக்குக் குளிப்புத்தான் போனது. சூசை அண்ணைக்கும் அவருடைய மனைவிக்கும் சீவியமே போனது. இருவரும் அந்த இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறவர்கள். அந்த மனிசிக்குக் காலெல்லாம் சொறி. சந்தையில் அவர்களுடைய இறாலுக்கு ‘மண்டபத்து இறால்’ என்று பெயர் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

நீலக்கா மண்டப முதலாளியிடம் போய்க் கேட்டார். பின்வளவில் கிணறு மாதிரிக் கிடங்கு வெட்டியிருப்பதாகவும், கக்கூசுத் தண்ணீர் ஒரு சொட்டும் கடலுக்குப் போகாதென்றும் அவர் கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். பிரதேச சபையின் சுகாதாரப் பரிசோதகர் நல்ல பொடியன். ஆனால் குழாய் நிலத்துக்குக் கீழே போகிறது, அதன் வாய் கடலுக்குள் கல்லுகளுக்கிடையில் எங்கேயோ இருக்கிறது, கண்ணால் காணாமல் தான் ஒன்றும் செய்ய ஏலாது என்று கையை விரித்தார்.

"அப்ப கண்ணாலை காட்டினால் போதுமோ தம்பி?" என்று கேட்டார் நீலக்கா.

போதும் என்று பொடியன் சொல்லிவிட்டார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னது.

அடுத்த முகூர்த்தத்திலேயே நீலக்கா புறப்பட்டார். எங்கள் கலியாண வீடுகளில் பட்டுச்சேலை கட்டி, முகத்தை நிமிர்த்தி வருகிற மனிசியை ஒருவரும் நீங்கள் யார் என்று கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளை பகுதி பொம்பிளை பகுதியென்று நினைக்கும், பொம்பிளை பகுதி மாப்பிள்ளை பகுதியென்று நினைக்கும். கேட்டு அது மாப்பிள்ளையின் பெரியம்மாவாக இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது? நீலக்கா மேடையேறி அறுகரிசி போட்டு வாழ்த்துவார், படத்துக்கு நிற்பார், சாப்பிடுவார். பிறகு கக்கூசுக்குப் போய், கைப்பையிலிருந்து உடுப்புக்குப் போடுகிற நீலப் போத்தல்களை எடுத்துக் கவிழ்ப்பார். மண்டபத்து அல்பங்களைப் புரட்டினால், முன்பின் தெரியாத சம்பந்திகளுக்கு நடுவில் உரிமையோடு நிற்கிறார் மனிசி. ஒரு வீட்டில் தாலிக்கொடி பவுண் போதாதென்று அபிப்பிராயமும் சொன்னாராம். அதற்காக இரண்டு பகுதியும் பிறகு சண்டை பிடித்ததாகக் கேள்வி.

கடைசியில் ஒரு பெரிய கலியாணத்தன்று, நீலம் தாராளமாகக் கவிழ்த்த கையோடு, பரிசோதகரையும் முதலாளியையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்களும் போனோம். தண்ணீருக்குள் விரலை நீட்டி, இதோ பாருங்கோ என்றார்.

முதலாளி வடிவாக உற்றுப் பார்த்தார். "அக்கா, கடல் நீலமாத்தானே இருக்கும்?" என்றார்.

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. நீலக்கா என்ற பெயர் அன்றைக்கு வைக்கப்பட்டதுதான். மண்டப வாசலில் அவருடைய படம் ஒட்டப்பட்டது, காவலாளிக்கு உத்தரவு போனது. இனி இப்படி ஒருமுறை கூப்பிட்டு ஒன்றுமில்லையென்றால் முறைப்பாட்டையே மூடிவிட வேண்டிவரும் என்று பரிசோதகரும் சொல்லிவிட்டுப் போனார். வேறு யாராவது என்றால் ஒரு மாதத்துக்கு வீட்டை விட்டு வெளியில் வந்திருக்கமாட்டார்கள். நீலக்கா மறுநாள் சந்தையில் நின்று, "கலர்தான் பிழைச்சது, குழாய் பிழைக்கேல்லை" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மகளின் கலியாணம் அதே மண்டபத்தில் ஒழுங்காகியிருந்தது. நீலக்கா வீட்டுக்கு வந்தார், தேத்தண்ணீர் குடித்தார், அந்தக் கலியாணத்தன்று கக்கூசுகளில் வாளி வாளியாகச் சிவப்புத் தண்ணீர் ஊற்ற வேணும் என்று விசயத்தைச் சொன்னார். என் மனைவி எழும்பி நின்றுவிட்டாள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கக்கூசுக் கதை கதைக்க வேண்டாம், மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று மளமளவென்று பொரிந்து தள்ளினாள். நீலக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உன்ரை வீட்டுக் கலியாணத்துக்கு ஊரெல்லாம் வந்து சாப்பிடும். விடிஞ்சால் சூசையின்ரை மனிசி அதுக்குள்ளைதான் இறங்கி நிக்கோணும். அவளுக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

மனைவி குசினிக்குள் போனாள். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "எத்தினை வாளி வேணும் அக்கா?" என்று கேட்டாள். இத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தும் இவளை எனக்குச் சரியாகத் தெரியாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உடுவிலில் தோட்டம் செய்கிற என் மைத்துனரிடமிருந்து மூடை மூடையாக பீற்றூட் வந்தது. சாயம் கீயம் கலந்து இறாலுக்குக் கேடு வரக்கூடாது என்று நீலக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் கிடாரங்களில் சோறு வேகவேண்டிய இடத்தில் பீற்றூட் வெந்தது. வந்த சொந்தக்காரர் எல்லோரும், கலியாணத்துக்கு பீற்றூட் கறி மட்டும்தானோ என்று முகம் வாடிப் போனார்கள்.

படம் ஒட்டிய வாசலால் நீலக்காவைக் கொண்டுபோவது எப்படி? அதற்கு மகள் வழி சொன்னாள். பொம்பிளையின் காரை எந்தக் காவலாளியும் மறிக்கமாட்டான். பட்டுச்சேலை கட்டிய மகளுக்குப் பக்கத்தில், தோழிப் பெண்ணைத் தள்ளி இருத்திவிட்டு, நீலக்கா ராணி மாதிரி வந்து இறங்கினார். பின்னால் வந்த வானிலிருந்து சிவப்புத் தண்ணீர் வாளிகளை இறக்கியபோது காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன இது என்று கேட்டான்.

"ஆராத்தி" என்றாள் என் மனைவி.

"இவ்வளவு ஆராத்தியோ?"

"எங்கடை மாப்பிள்ளைக்குக் கண்ணூறு கூட" என்று சொல்லிக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்விட்டாள். கலியாண வீட்டில் ஆராத்தியை மறிக்கிற தைரியம் எந்தக் காவலாளிக்கு இருக்கிறது.

தாலி கட்டி முடிந்தது. பரிசோதகர் என் அழைப்பில் வந்து பந்தியில் இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு கக்கூசுகளுக்குள் போனார்கள், நீலக்கா ஒவ்வொரு கதவாக நின்று நடத்தினார். நான் பரிசோதகரை, கை கழுவுவதற்கென்று சொல்லிப் பின்மதிலுக்குக் கூட்டிப் போனேன். வாளி ஊற்றுவது தெரிந்ததோ இல்லையோ, முதலாளியும் வாசம் பிடித்து வந்துவிட்டார். கடலில் சூசை அண்ணை மனைவியோடு இடுப்பளவில் நின்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. கடல் பேசாமல் கிடந்தது. மகளின் கலியாணத்தையும் பகிடியாக்கி, நீலக்காவுக்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பத்தையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். நீலக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவரும் பயப்படுவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது கல்லுகளுக்கிடையில் நூல் போல ஒரு சிவப்பு. பிறகு ஒரு முழம். பிறகு கூறைச் சேலையை யாரோ தண்ணீரில் விரித்துவிட்டது போல, அது சூசை அண்ணையையும் மனைவியையும் சுற்றிப் பரந்துகொண்டே போனது. இரண்டு பேரும் அசையாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மண்டபத்துக்குள்ளிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தோடு வந்தார், ஐயர் வந்தார், மாப்பிள்ளையும் மகளும் மாலையோடு வந்தார்கள். முதலாளி, "கடல்..." என்று தொடங்கியவர், பரிசோதகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார். சபையும் சட்டமும் செய்யாத காரியத்தை ஒரு மனிசி பீற்றூட்டை வைத்துச் செய்துவிட்டார்.

ஊர் கைதட்டியது. நீலக்கா சிரிக்கவில்லை. மதிலோரம் கிடந்த கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்கோ தம்பி" என்று மட்டும் பரிசோதகரிடம் சொன்னார்.

பரிசோதகர் எழுதினார். மண்டபம் பூட்டப்பட்டது. முதலாளி இந்த முறை உண்மையாகவே கிடங்கு வெட்டினார், குழாயின் வாயைச் சிமெந்து வைத்து அடைத்தார். மாரி மழை பெய்து, கடல் தன்னைத் தானே கழுவிக்கொண்டது. சோதித்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்று பரிசோதகர் சொன்ன செய்தியை சூசை அண்ணைதான் ஓடிவந்து ஒழுங்கை முழுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை நானும் மனைவியும் கரைக்குப் போனோம். நீலக்கா ஒருவரையும் பார்க்காமல் நடந்து போய், இடுப்பளவு வந்ததும் மெல்ல இருந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அங்கால் சூசை அண்ணையின் மனைவி குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் மனைவி, சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிப் போய் நீலக்காவுக்கு ஒரு பக்கத்தில் இருந்தாள்.

நான் கரையில் நின்று பார்த்தேன். நீலக்காவுக்கு எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டி நனைய நடந்து போய், அவருடைய மற்றப் பக்கத்தில் இருந்தேன்.