குறட்டைக்கு வாங்கிய குழாய்

குறட்டை விடுகிறவன் காதுக்கு மட்டும் அந்தக் குறட்டை கேட்காது. அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். எனக்கு மீஞ்சூர் கம்பெனி வண்டியில் தெரிந்தது. இன்ஜினில் ஏதோ சத்தம் என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். பானட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் சத்தம் ஏழாவது சீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். (ஏழாவது சீட்டில் அடியேன்.)

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்போதுதான் பழவேற்காடு ஏரிக்கு எதிர்க்கரைக் குப்பத்துச் செல்வியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். "எனக்குக் கொசு பறந்தாலே முழிப்பு வந்துடும்" என்று அவள் போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான மறுநாளே அவள் பெட்டியோடு படகேறுவது போலப் பகலிலேயே கனவு வந்தது.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் ஆளுயரக் குழல், பெயர் டிட்ஜெரிடூ. அதை ஊதிப் பழகினால் தொண்டைச் சதை இறுகிக் குறட்டை குறையுமாம். அசல் குழல், கரையான் உள்ளே தின்று கூடாக்கிய தைல மரத்தில் செய்வது. காட்டூர் வரை போய்த் தேடினேன். நம்மூர்க் கரையானுக்கு வாசற்கால்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

கடைசியில் கூடப் படித்த ரஃபீக்கின் ஹார்டுவேர் கடைக்குப் போய், பிவிசி குழாய்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பாத்ரூமுக்குக் குழாய் வாங்க வந்த ஒரு அம்மா, வாங்காமலே போய்விட்டார்.

"இன்னாடா, குழாய் வாங்க வந்தியா, குழாய்க்கு முத்தம் குடுக்க வந்தியா?" என்றான் ரஃபீக்.

நீளம் கூடினால் சத்தம் தடிக்கும், குறைந்தால் கீச்சிடும். ஒன்றரை அங்குலத்தில் நாலடிக் குழாயைத் தேர்ந்தெடுத்து, வாய்ப்பக்கம் தேன்மெழுகு பூசிக்கொண்டேன்.

உதட்டைத் தளர்த்திப் படபடக்க விட வேண்டும். கன்னத்தில் இருக்கும் காற்று வெளியே போகும்போதே மூக்கால் புதுக்காற்றை இழுக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு, குமிழி அறாமல் ஊதிப் பழகினேன். பாதித் தண்ணீர் மூக்கில் ஏறியது. குழாயிலோ மாட்டுக்கு வயிறு உப்பினால் வரும் சத்தம்தான் வந்தது. நைனா என்னையும் குழாயையும் சேர்த்து வீட்டை விட்டுத் துரத்தினார். டச்சுக்காரர் கல்லறைக்குப் போனேன். முந்நூறு வருடமாகத் தூங்குகிறவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவர்கள் சொல்லவில்லை, காவலாளி சொன்னார். மிச்சமிருந்தது ஏரிக்கரை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏரியில் நல்ல இடங்களில் இரண்டு கரைக் குப்பங்களும் முறை வைத்துத்தான் வலை போடும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சாவு, புயல் என்று அவசரம் வந்தால் கரையில் சங்கு ஊதுவார்கள். கேட்டவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுக் கரையேற வேண்டும். பால் குடித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம் இது.

ஒரு காலை, சத்தம் வந்தது! அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கனமாக, அறுபடாமல். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்து இழுத்து ஊதினேன். ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

கண்ணைத் திறந்தால் ஏரியிலிருந்த படகெல்லாம் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

முழங்கால் தண்ணீரில் முதலில் குதித்து ஓடி வந்தவர் முனுசாமி மாமா. செல்வியின் அப்பா. இருபது நாள் காத்திருந்து அன்றைக்குத்தான் அவருக்குப் பாடு.

"யாரு பூட்டாங்க?" என்றார், மூச்சு வாங்க.

"யாரும் பூடல மாமா."

"அப்போ சங்கு ஊதினது யாரு?"

நாலடிக் குழாயை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. தலைக்கு மேல் ஒரு அடி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பொய் சொல்லலாம் என்றால் பாழாய்ப்போன வாயில் வரவில்லை. ஐம்பது பேர் முன்னால், "எனக்குக் கொறட்டை வரும் மாமா. செல்வி பயந்து போயிடுமோன்னுதான்..." என்றேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

கூடியது கூடிவிட்டோம் என்று அங்கேயே பஞ்சாயத்து உட்கார்ந்தது. நைனாவின் அடுத்த பாடு முனுசாமி மாமாவுக்கு என்று தீர்ப்பு. நைனா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட முடியாது. மாமா குழாயைப் பிடுங்கிப் படகில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் செல்வி போன் செய்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நான்கு ரிங் விட்டுத்தான் எடுத்தேன்.

"ஊரையே கூட்டிவச்சு, கொறட்டை உடுவேன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"எங்க நைனா உடாத கொறட்டையா? அதுல பொறந்து வளந்தவ நான். கொசுவுக்குத்தான் முழிப்பேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருடமாகிறது. குறட்டை குறையவில்லை. குழாய் மாமனார் வீட்டுக் குளியலறையில் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் நான் அங்கே தங்கப்போனால், மாமா பொழுது சாயும்போதே கரைக்குப் போய், வலைக்குக் கிளம்புகிறவர்களிடம் உரக்கச் சொல்லிவிட்டு வருவார்:

"மாப்ள வந்துகீறாரு. சத்தம் கேட்டா யாரும் வலைய உட்டுட்டு ஓடியாராதீங்க!"