வராத கல்லுக்கு வந்த வாழ்த்துகள்

மனித உடம்பைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கிறவனுக்குத் தன் உடம்பில் நடப்பது கடைசியாகத்தான் தெரியவரும். இதற்கு நானே சாட்சி.

அப்போது மடவளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி எட்டு மாதம். எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில், மாமியின் சமையலில், நன்றாக உருண்டு திரண்டிருந்தேன். பித்தப்பை, பித்தக்கான், சதையி என்கிற கணையம் எல்லாவற்றையும் கரும்பலகையில் பச்சைச் சோக்கால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். என் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது மட்டும் "வாயு" என்றேன். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனபோது "சூடு" என்றேன்.

என் மனைவி நஸ்ரியாதான் கண்டுபிடித்தாள். "உங்கட கண்ணு மஞ்சளா ஈக்கே?"

"அது டியூப்லைட் வெளிச்சம்" என்றேன்.

"இப்ப பகல் பதினொரு மணி" என்றாள்.

கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்தார்கள். பித்தம் இறங்கும் குழாயான பித்தக்கானில் ஒரு கல் வந்து அடைத்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் கண்ணாடி போட்ட, மெல்லிய குரல்காரர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். முன்பு என்றால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, கான் திறக்கிற இடத்தில் சின்னதாக வெட்டி, கல்லை வெளியே இழுத்துவிடலாம். பெரும்பாலும் நல்லபடி முடியும். சிலருக்கு உள்ளே போகவே முடியாது. சிலருக்கு இரத்தம் வரும், சிலருக்குச் சதையி வீங்கும். மிகச் சிலர் இறந்தும் போவார்கள். மறைக்காமல் சொன்னார். நான் எல்லாம் தெரிந்த ஆசிரியனாகத் தலையாட்டினேன்.

"முக்கியம் ஒன்று" என்றார். "முதல் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் எதுவும் போகக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் கல்லைப் பற்றிக் கவலைப்பட நீங்கள் இருக்கமாட்டீர்கள்."

எனக்கு இன்னொரு பயம் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சந்தேகப் பார்வைக்குப் பயந்து பஸ்ஸிலும் கடையிலும் தமிழை நாங்கள் உதட்டுக்குள்ளேயே பேசிப் பழகியிருந்தோம். மயக்க மருந்து ஏறினால் மனிதன் வாய்க்கு வந்ததைப் பேசுவான் என்று என் மச்சான் பயமுறுத்தியிருந்தான். எல்லோரும் சிங்களம் பேசும் ஆப்பரேஷன் தியேட்டரில் நான் தமிழில் உளறினால்?

"வாயத் தொறக்காம இரிங்க" என்றாள் நஸ்ரியா. (வாய் வழியாகக் குழாய் விடப் போகிறவனுக்கு இந்த அறிவுரை.)

வார்ட்டில் முதல் நாளே படுக்க வைத்தார்கள். எதிர்க் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் செய்த ஒருவர். அவரைப் பார்த்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கொஹொமத?" என்று நலம் கேட்டேன். அவர் யோசித்து, "ஹொந்தய்" என்றார். நல்லா இருக்கிறாராம். அன்று பொழுது சாயும் வரை இதே இரண்டு சொற்களை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட மோசம் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

விடிந்தது. சன்னலுக்கு வெளியே கண்டி முழுவதும் பனிமூட்டத்துக்குள் கரைந்து கிடந்தது. மஞ்சள் காமாலைக்கென்றே ஒரு மிதப்பு உண்டு. உடம்பு ஒரு சாண் மேலே தொங்குவது போல இருக்கும். அந்த மிதப்பில் என் கை தானாகக் கட்டிலோரத்துச் சிறிய அலுமாரியைத் திறந்தது. உள்ளே, "எல்லாம் முடிஞ்ச பொறகு சாப்பிடுங்க மகன்" என்று மாமி கட்டிக்கொடுத்த வட்டிலாப்பம். கித்துள் பனைப் பாகு, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய். மூடியைத் திறந்ததும் வந்த வாசம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

நான் விஞ்ஞானி. ஆகவே விஞ்ஞானபூர்வமாக யோசித்தேன். வட்டிலாப்பம் திண்மமா, திரவமா? மென்மையாக நடுங்குகிறது. பல் தேவையில்லை. எனவே ஏறக்குறைய திரவம். திரவம் இரைப்பையில் அதிக நேரம் தங்காது. ஒரு துண்டு. பிறகு, முதல் துண்டு தனியாகப் போகிறதே என்று இன்னொன்று. மூன்றாவதற்கு எந்தக் காரணமும் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தியேட்டர். ஈயக் கவசம் அணிந்த ஆட்கள், மங்கலான வெளிச்சம். தொண்டையில் கசப்பான மருந்து அடித்தார்கள். தொண்டை மரத்துப்போனது. "சாப்பிடவில்லைதானே?" என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கையில் ஊசி ஏறியது.

மகாவலி ஆற்றின் மேல் பனி எழுவது போல ஏதோ கீழிருந்து எழுந்து என்னைத் தூக்கியது. நான் என் வகுப்பறையில் நின்றேன். அதற்குக் கூரை இல்லை. மேகங்கள் மேசைக்கு மேசை நடந்தன. யாரோ தூரத்தில் மணி அடித்தார்கள், மணியின் சத்தம் மஞ்சளாக இருந்தது. கரும்பலகை அருகே ஒரு மாணவன், கண்ணாடி போட்டவன், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். படத்தைத் தப்பாக வரைகிறான். எனக்குக் கோபம் வந்தது. தமிழில், வாய் நிறைய, பல ஆண்டுகளாக டவுனில் எங்கேயும் பேசாத சத்தத்தில், பேசினேன். என்ன சுகமாக இருந்தது தெரியுமா! அவன் பணிவாக ஏதோ கேட்டான். நான் பெருமையாகப் பதில் சொன்னேன். பிறகு மேகங்கள் புத்தகங்களை மூடிவிட்டு வீட்டுக்குப் போயின.

கண் விழித்தபோது தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்தேன். "இவரத?" என்று கேட்டேன், முடிந்துவிட்டதா என்று. "இவரய், இவரய்" என்றார் வண்டி தள்ளியவர். முடிந்ததாம். (அன்றைய வேலை முடிந்ததைச் சொல்லியிருக்கிறார்.) தொண்டை வேறு மரத்துக் கிடந்தது. எனக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். நஸ்ரியா, மாமி, மச்சான், பக்கத்து வீட்டார் இருவர், என் பாடசாலை அதிபர். நான் தலையணையில் சாய்ந்து, போர்க்களத்திலிருந்து திரும்பியவன் மாதிரி, தாழ்ந்த குரலில் தொடங்கினேன்.

"ஒண்டுமே தெரியல்ல. குழாய் உள்ளுக்குப் போறத அப்பிடியே உணர்ந்தன். இந்த எடத்துலதான் கல்லு. ஒரு இழுப்பு. டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டிச்சி."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமி அழுதார். அதிபர் என் கையைப் பிடித்து வாழ்த்தினார். நஸ்ரியா என் நெற்றியைத் தடவினாள். "இப்பவே கண்ணு வெள்ளையாகிட்டு" என்றான் மச்சான்.

அப்போது டொக்டர் வந்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வார்ட் முழுவதும் கேட்கும்படி தமிழில் சொன்னார்:

"நாங்க ஒண்டும் செய்யல்ல. கல்லு இன்னும் உள்ளுக்குத்தான் இரிக்குது."

மச்சான் குனிந்து என் கண்ணை மறுபடி பார்த்தான்.

"நான் மட்டக்களப்பில மூண்டு வருஷம் வேல செஞ்சது" என்றார் டொக்டர். "உங்கட சேர் எனக்குப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினது. 'மடையா, சதையியப் போய் வலப்பக்கம் வரையிறியே' எண்டு ஏசினது. நான், 'மன்னிக்கோணும் சேர், காலம என்ன சாப்பிட்ட?' எண்டு கேட்டன். 'வட்டிலாப்பம், மூணு துண்டு, என்ட மாமி செஞ்சது, கண்டியிலயே இப்பிடிக் கெடையாது' எண்டு சொன்னது. நல்ல காலம், குழாய் இன்னும் போடல்ல."

மாமியின் முகத்தில் கோபமும் பெருமையும் மாறி மாறி வந்தன. நஸ்ரியா என் நெற்றியிலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். அதிபர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின.

திடீரென்று எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு வெடிச் சிரிப்பு. "ஹொந்தய்" மனிதர் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு துடித்தார். "ஐயோ சாமி, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்!"

"நீங்க தமிழா?" என்றேன்.

"கம்பளைக்கு மேல தேயிலைத் தோட்டங்க. செல்வராஜ். நேத்து முழுக்கச் சிங்களத்துல என் உசுர எடுத்தீங்களே, நீங்க தமிழ் பேசுவீங்கன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒரு பகல் முழுவதும் எட்டடி தூரத்தில் படுத்துக்கொண்டு, அரைகுறையாகத் தெரிந்த மொழியில் நலம் விசாரித்திருக்கிறோம். டொக்டரும் சிரித்தார். வார்ட்டில் தமிழ் சத்தமாகக் கேட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை.

சிரிப்பு அன்று மாலைக்குள் நின்றது. எனக்குக் குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட்டது. அடைபட்ட கானில் கிருமி பிடித்துவிட்டது. இந்தச் சிகிச்சைக்கு வாரத்தில் ஒரு நாள்தான். அடுத்த வாரம் வரை தாங்காது என்று டொக்டர் நஸ்ரியாவிடம் சொன்னார். அவள் நேரே என்னிடம் வந்து, "மூணு துண்டு" என்றாள். பிறகு அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

டொக்டர் தன் லீவு நாளில், இரண்டு நாள் கழித்து, எனக்காக வந்தார். அதுவரை என் வாய்க்குக் காவல் செல்வராஜ். மாமி நியமித்தார். "மகன், இவர்ட வாய்க்குள்ள ஒண்டும் போகாமப் பாத்துக்கொள்ளுங்க." அவர் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். கடைசி நாள் பல் துலக்கும்போதுகூடப் பக்கத்தில் நின்று, "துப்புங்க சேர், நல்லாத் துப்புங்க" என்றார்.

இந்த முறை கானுக்குள் போவது எளிதாக இருக்கவில்லையாம். பலமுறை முயன்று, கடைசியில் வெட்டி, கல்லை எடுத்தார். நான் மேகங்களிலிருந்து இறங்கி வந்தபோது ஒரு துணியில் கரும்பழுப்பாக, கடலைப் பருப்பளவில் எதையோ காட்டினார்.

"சேர், பத்துக்கு எத்தின புள்ளி?"

"ஒம்பது" என்றேனாம். "படம் துப்புரவா இல்ல."

குறைத்த அந்த ஒரு புள்ளிக்குத் தண்டனையோ என்னவோ, சதையி லேசாக வீங்கி மூன்று நாள் வலியில் சுருண்டு கிடந்தேன். அதுவும் அடங்கியது. கண் உண்மையாகவே வெள்ளையானது. செல்வராஜ் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். போகும்போது வாசலில் நின்று, "வர்றேங்க சேர்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீடு திரும்பிய அன்றே அது தொடங்கியது. நான் எதையாவது முடித்துவிட்டேன் என்று சொன்னால் போதும், மாமி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "டொக்டர் வந்து செல்லட்டும்" என்பார்; டொக்டர் வந்து சொன்னால்தான் நம்புவாராம். கூரை ஒழுக்கு அடைத்தாலும் அதுதான், இடமாற்றம் ரத்தானாலும் அதுதான். பிறகு பிறந்த என் மகள்கள் இருவரும் பேச்சுப் பழகியதுமே இதையும் பழகினார்கள். மூத்தவள் சோதனை நன்றாக எழுதியிருக்கிறேன் என்றால் இளையவள் சொல்வாள். இளையவள் பாலைக் குடித்துவிட்டேன் என்றால் மூத்தவள் சொல்வாள்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள், யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மாமி கதிரையில் உட்கார்ந்தபடி, யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்:

"டொக்டர் வந்து செல்லட்டும்."

அந்த ஒரு தடவைதான் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.